கவிழ்த்து வைத்த மெத்தை

பூட்டுக்காரர் தன் வாழ்நாளில் எத்தனையோ கதவுகளைத் திறந்து கொடுத்திருக்கிறார். சாவியைத் தொலைத்தவர்கள், உள்ளே வைத்துச் சாத்திக்கொண்டவர்கள், புருஷனோடு சண்டை போட்டுச் சாவியைச் சாக்கடையில் வீசியவர்கள் என்று எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். கூடப்பிறந்த அக்கா வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி ஒருத்தி வந்து நிற்பாள் என்று மட்டும் அவர் கனவிலும் நினைத்ததில்லை.

வந்தவள் ஒரு நர்ஸ். அக்கா குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரி. ராத்திரி டியூட்டி முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"அண்ணே, அக்கா ரூம்ல பகல்லயும் லைட்டு எரியுது. நேத்தும் எரிஞ்சுது. அணைக்க மறந்துட்டாங்க போலன்னு விட்டுட்டேன். இப்போ போய்த் தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்ல. போன் போட்டா உள்ளயே அடிக்குது."

"எங்கயாச்சும் வெளியூர் போயிருப்பா."

"போனை வீட்டுல வச்சுட்டா?"

அரத்தால் ராவிக்கொண்டிருந்த சாவி எப்போதோ பாழாகியிருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

நேற்றுக் காலை அக்காவின் நூல், பொத்தான் கடை பூட்டிக் கிடந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, 'மாடிக்காரங்களோட எங்கேயோ ஜாலியாக் கிளம்பிட்டா' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே நடந்தார்.

மாடிக்காரர்கள் யார் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் மெத்தைக் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு ஒரு பிரார்த்தனைக் கூடம் உண்டு. வாரத்துக்கு ஒருநாள் மாலையில் கூடுவார்கள். உள்ளே நீள நீளமாக மரப் பெஞ்சுகள். வெறும் கட்டையில் எவ்வளவு நேரம் உட்கார்வது? அதனால் ஆளுக்கொரு குட்டி மெத்தை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். மெத்தை எங்கேயோ அங்கேதான் ஆளின் இடம். யாராவது ஒருநாள் வரவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவர் அந்த மெத்தையைக் கவிழ்த்து வைப்பார். பிரார்த்தனை முடிந்ததும் இடப்பக்கத்துக்காரரும் வலப்பக்கத்துக்காரரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு வராதவர் வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் வைத்துவிட்டு நழுவக் கூடாது. "இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் "இருக்கேன்" என்று சொல்லிக் கையில் வாங்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்து டீ. காய்ச்சலில் கிடப்பவர் எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாது அல்லவா, அதனால் வராதவர் வீட்டில் அன்றைக்கு மட்டும் கதவைப் பூட்டுவதில்லை.

"என் பிழைப்புக்கே ஆப்பு வைக்கிற பழக்கம்யா இது" என்று பூட்டுக்காரர் வாராவாரம் கிண்டல் செய்வார்.

கிண்டலாகச் சொன்னாலும் அதன் அருமை அவருக்குத் தெரியும். வட்டாரத்து மில்லை மூடியபோது, வேலை போன வெட்கத்தில் வீட்டுக்குள் பதுங்கிய ஒரு லாரி டிரைவரை இந்த மெத்தைதான் வெளியே இழுத்து வந்தது. "இருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்த மனுஷன் ஓவென்று அழுதார். மறுவாரமே, கூடத்துக்கு வருகிற பேக்கரிக்காரர் அவரைத் தன் வண்டிக்கு வைத்துக்கொண்டார். பூட்டுக்காரரின் மனைவி இறந்த மாதத்தில் நாலு வாரமும் அவருடைய மெத்தை வீடு தேடி வந்தது. கூடத்துக்குள் கடவுள் வந்தாரா என்று யாரும் கண்ணால் கண்டதில்லை. எந்த ஆள் வரவில்லை என்பதை மட்டும் அத்தனை பேரும் கண்டார்கள். போதாதா?

போதவில்லை. மனுஷனுக்கு எது போதும்?

பிரார்த்தனையின் முடிவு வாசகத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்பது வழக்கம். முட்டிவலிக்காரர்கள் சிலர் நாளடைவில் எழாமல் உட்கார்ந்தபடியே சொல்ல ஆரம்பித்தார்கள். அதில் பேக்கரிக்காரரின் மனைவியும் ஒருத்தி. பூட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. கடவுளுக்கு முன்னால் என்ன சொகுசு என்று ஒருநாள் எழுந்து கேட்டார். "கடவுள் என்ன முட்டியையா கேக்குறாரு?" என்றார் பேக்கரிக்காரர். பேச்சு வளர்ந்தது. வாய்க்கு வாய் ஏறியது. கடைசியில் பூட்டுக்காரர் சபை நடுவில் நின்று, "நிக்க முடியாதவங்க வீட்டுலயே கிடக்கட்டும்!" என்று கத்திவிட்டார்.

பேக்கரிக்காரர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷமும் அவருக்கு "தம்பி, தம்பி" என்று சூடாக ரொட்டி எடுத்து வைத்த கை அது.

மறுவாரம் பாதிப் பெஞ்சு காலி. பேக்கரிக்குமேல் இருந்த கிடங்கு அறையைப் பெருக்கிச் சுத்தம் செய்து அவர்கள் தனியாகக் கூடத் தொடங்கினார்கள். மெத்தைகளையும் எடுத்துப் போய்விட்டார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: முட்டி வலிக்காகப் பிரிந்தவர்கள், உட்கார்ந்து கும்பிடுவதற்காக வாராவாரம் ஒரு மாடி ஏறினார்கள்! அக்காதான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா இறந்தபோது பூட்டுக்காரர் சின்னப் பையன். அக்காவும் அப்படி ஒன்றும் பெரியவள் இல்லை. தம்பியை ஆளாக்கிவிட்டுத்தான் கல்யாணம் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வயசு போய்விட்டது. அவரை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டதும் அவள்தான், "சாவி" என்று பட்டப்பெயர் வைத்ததும் அவள்தான். நூலும் பொத்தானும் விற்றுத் தனியாகக் காலம் தள்ளினாள். கூடத்தில் அவள் இடம் தம்பிக்கு வலப்பக்கம்.

பிரிவினை வந்ததும் எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்தார்கள். அக்கா மட்டும் தன் மெத்தையைப் போலவே, அதே துணியில், இன்னொரு மெத்தை தைத்தாள். ஒன்றைக் கூடத்தில் போட்டாள், இன்னொன்றை மாடியில் பேக்கரிக்காரர் மனைவிக்குப் பக்கத்தில் போட்டாள். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே.

பூட்டுக்காரர் நேராகவே கேட்டார். "என்னை எதிர்த்துக்கிட்டுப் போனவங்க வீட்டுல உனக்கு என்ன வேலை?"

"டேய் சாவி, ரெண்டு இடத்துக்கும் நடந்தா தேயறது என் செருப்பு. உனக்கு எங்கடா வலிக்குது?"

"நீ யார் பக்கம்னு எனக்குத் தெரியணும்."

"நான் நடுப்பக்கம். ஒருத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துட்டு இருந்தாத்தான், நடுவுல பாதைன்னு ஒண்ணு மிஞ்சும். நீங்க ரெண்டு பேரும் புல்லு மொளைக்க விட்ருவீங்க."

அன்றோடு அவர் அக்காவிடம் பேச்சை நிறுத்தினார். கூடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், திரும்பிப் பார்க்க மாட்டார். அவள் மாடிக்குப் போகிற வாரங்களில் மெத்தையைக் கவிழ்த்து மட்டும் வைப்பார். அவளுக்கு மறுபக்கம் உட்காருகிற முடிவெட்டுபவர் ஆரம்பத்தில், "வாங்க, கொண்டுபோய்க் கொடுத்துட்டு வருவோம்" என்பார். "வேலையத்த வேலை. மாடியில சட்டமா உட்கார்ந்திருப்பா" என்று இவர் தட்டிக்கழிப்பார். மாடியிலும் இதே பேச்சுதான். நாளடைவில் அக்காவின் மெத்தையை யாரும் தூக்குவதே இல்லை என்று ஆகிவிட்டது. கவிழ்த்து வைத்தால் அவள் அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

முந்தாநாள் பிரார்த்தனை. முறைப்படி அது கூடத்துக்கு வர வேண்டிய வாரம். அக்கா வரவில்லை. பூட்டுக்காரர் மெத்தையைக் கவிழ்த்தார். முடிவெட்டுபவர் அதைப் பாதி தூக்கி, "இது நம்ம வாரமாச்சேய்யா?" என்றார். பூட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "முழுசா அங்கேயே போய்ச் சேர்ந்துட்டா போல. வை அதை" என்றார். அவரும் வைத்துவிட்டார்.

அதைத்தான் இப்போது நடந்துகொண்டே நினைத்துப் பார்த்தார் பூட்டுக்காரர். நர்ஸ் எட்டி எட்டி நடந்தும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

வழியில் பேக்கரி. வாசலில் மாவுக் கையோடு பேக்கரிக்காரர் நின்றிருந்தார். பிரிந்த நாளிலிருந்து இவர் எதிர்ச் சாரியில்தான் நடப்பார். இன்று நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"அக்கா முந்தாநாள் மாடிக்கு வந்தாளா?"

பேக்கரிக்காரர் திகைத்துப் போனார். "இல்லையே தம்பி. அது உங்க வாரமாச்சே. அங்கதான் இருப்பாங்கன்னு..."

"எங்ககிட்டயும் வரல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் கையைக்கூடத் துடைக்காமல் கூடவே ஓடி வந்தார்.

அக்கா வீட்டுக் கதவு. அந்தப் பூட்டை மாட்டியவரே அவர்தான். தன் கடையிலேயே நல்ல பூட்டாகப் பொறுக்கி, "இதை என்னாலகூட லேசுல திறக்க முடியாதுக்கா" என்று பெருமையோடு மாட்டிவிட்டுப் போனது. மண்டிபோட்டு உட்கார்ந்து பையைத் திறந்தார். கம்பியை எடுத்துத் துவாரத்தில் விட்டார். கம்பி நழுவி விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற கைக்கு அன்று துவாரமே அகப்படவில்லை. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. "அக்கா! அக்கா!" என்று கதவைக் குத்தினார்.

பேக்கரிக்காரர் குனிந்து, அவர் தோளுக்குமேல் கையை நீட்டி, கைப்பிடியைப் பிடித்துத் திருகினார்.

கதவு திறந்துகொண்டது.

அது பூட்டியிருக்கவே இல்லை. பூட்டுத் திறக்கப் போகிறவன் முதலில் கைப்பிடியைத் திருகிப் பார்க்க வேண்டும், கடைக்கு வருகிறவர்களை அதை வைத்தே அவர் எத்தனை தரம் கேலி செய்திருக்கிறார்! பிரார்த்தனை நாளில் வீட்டில் இருந்தால் கதவைப் பூட்டக் கூடாது. அக்கா பூட்டவில்லை. மெத்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று திறந்தே வைத்திருந்தாள்.

ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். தூங்குகிற மாதிரிதான் இருந்தது. நல்ல சேலை கட்டி, தலை வாரி, மூக்குக்கண்ணாடி மடிமேல் விழுந்து கிடக்க. நர்ஸ் போய்க் கையைத் தொட்டாள். தொட்ட உடனே கையை எடுத்துவிட்டாள்.

"போயிட்டாங்கண்ணே."

பூட்டுக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் கண்ணில் பட்டது அக்காவின் முகம்கூட இல்லை. அவளுக்கு எதிரே போட்டிருந்த நாற்காலிகள். நாலு நாற்காலி. இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி. நடுவில் முக்காலி. அதன்மேல் கழுவிக் கவிழ்த்த ஐந்து டீ கிளாஸ். அடுப்பில் பால் காய்ச்சத் தயாராகப் பாத்திரம், பற்ற வைக்கவே இல்லை.

"இதுல ரெண்டு நாற்காலி என்னோடது," என்றாள் நர்ஸ். குரல் உடைந்தது. "அன்னிக்கு மத்தியானம் இரவல் கேட்டாங்க. எதுக்குக்கான்னு கேட்டேன். 'இந்த வாரம் நான் ரெண்டு இடத்துக்கும் போகப் போறதில்ல. அங்கிருந்து ரெண்டு பேரு மெத்தையோட வருவாங்க, இங்கிருந்து ரெண்டு பேரு வருவாங்க. பிடிவாதக்காரங்களை ஒரே ரூம்ல உட்கார வைக்கப் போறேன். உட்கார்றதுக்குத்தானே சண்டையே!'ன்னு சொல்லிச் சிரிச்சாங்கண்ணே."

பேக்கரிக்காரர் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். பூட்டுக்காரருக்கு அழுகைகூட வரவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலமே நான் வந்திருந்தா..." என்று நர்ஸைக் கேட்டார்.

"அதெல்லாம் கேக்காதீங்கண்ணே."

"சொல்லும்மா."

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது."

அக்கா நினைத்தபடியே இரண்டு பேரும் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரே அறையில் நின்றார்கள். மெத்தையைத்தான் ஒருவரும் கொண்டுவரவில்லை. அவள் எத்தனை நேரம் அந்த வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளோ. விளக்கைப் போட்ட பிறகும் இருந்திருக்கிறாள், அது மட்டும் நிச்சயம்.

அடக்கத்துக்குக் கூடத்துக்காரர்களும் வந்தார்கள், மாடிக்காரர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். முடிவு வாசகம் வந்தபோது எல்லாருடைய கண்ணும் பூட்டுக்காரர்மேல் போயிற்று. அவர் எழவில்லை. கால் கேட்கவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே அந்த வாசகத்தைச் சொன்னார், பாதிக்குமேல் சொல்லவும் முடியவில்லை.

அப்புறம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்களா என்றால், அதெல்லாம் இல்லை. துக்கத்தில் நாலு பேர் நாலு நல்ல வார்த்தை பேசினார்கள், வீட்டுக்குப் போனார்கள். கூடம் கூடமாகவே இருந்தது, மாடி மாடியாகவே இருந்தது.

அடுத்த பிரார்த்தனை நாளில் பூட்டுக்காரர் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? வலப்பக்கம் அந்த மெத்தை கிடக்குமே. கடைக்கு மேலே இருந்த தன் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முறைப்படி பூட்டக் கூடாதுதான். யாரும் தன்னைத் தேடி வரக் கூடாது, தனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று வேண்டுமென்றேதான் பூட்டினார்.

இருட்டத் தொடங்குகிற நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று சாதாரண நடை. இன்னொன்று ஒரு படி ஏறும், நிற்கும், மூச்சு வாங்கும், அப்புறம் அடுத்த படி. மேலே வந்து சேர வெகுநேரம் ஆயிற்று.

"பூட்டியிருக்குங்க," என்றது முடிவெட்டுபவர் குரல்.

"பூட்டுக்காரர் வீடு பூட்டாம இருக்குமா? தட்டுங்க," என்றது ஒரு பெண் குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும் பூட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய்த் திறந்தார். முடிவெட்டுபவர் கையில் அவருடைய மெத்தை இருந்தது. அதன் மறுமுனையைப் பிடித்தபடி, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, பேக்கரிக்காரர் மனைவி நின்றாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வலப்பக்கம் ஆள் இல்லையே, இடப்பக்கத்து ஆளும் அப்பவே மாடிக்குப் போயிட்டாரு," என்றார் முடிவெட்டுபவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு பேரு வரணும்ல. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. பேக்கரிக்குப் போய்க் கேட்டேன். இவங்கதான் நான் வரேன்னு சொன்னாங்க."

"உங்க அக்கா மெத்தைக்கு மாடியில பக்கத்து ஆள் நான்தான்," என்றாள் அவள். "அன்னிக்கு நானும் தூக்கல தம்பி. உங்ககிட்ட இருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

பூட்டுக்காரர் உள்ளே ஓடிப்போய் நாற்காலியை இழுத்து வந்து அவள் முன்னால் போட்டார்.

"முதல்ல உட்காருங்க அண்ணி."

அவள் உட்காரவில்லை. கம்பியை விட்டுவிட்டு நேராக நிமிர்ந்து நின்றாள். மெத்தையை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? அதை முடிச்சிட்டு உட்கார்றேன். இருக்கீங்களா தம்பி?"

அக்கா வீட்டில் அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. அக்காவை யாருமே கேட்காமல் போன கேள்வி அது. அவள் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு விளக்கடியில் காத்திருந்தாள். பூட்டுக்காரர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேவிக் கேவி அழுதார். முடிவெட்டுபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மட்டும் முட்டி வலியோடு, நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். பதில் வரும்வரை உட்காருவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை என்று தெரிந்தது.

"இருக்கேன் அண்ணி," என்று சொல்லி அவர் மெத்தையை வாங்கிக்கொண்டார்.